டீபக்கர் பிடிபடவில்லை என்றால் குறை உங்களிடம் இல்லை

இந்த முறை வந்த கேள்விகளில் பலவும் ஒரே விஷயத்தைச் சுற்றி இருந்தன: புரோகிராமில் தப்பைத் தேடுவதும், அதற்கென்று இருக்கிற டீபக்கர் என்ற கருவிகளோடு படுகிற பாடும். அதனால் போன் வாங்குவது, லேப்டாப் சூடாவது பற்றிய கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

வணக்கம் அக்கா. இலந்தைக்குளம் பக்கம் ஒரு சின்னக் கம்பெனியில் ஜாவாஸ்கிரிப்ட் வேலை பார்க்கிறேன், சேர்ந்து எட்டு மாசம் ஆகிறது. தப்பு வந்தால் நடுநடுவே மதிப்பை கன்சோல் திரையில் எழுதிக் காட்டச் சொல்லி, அதாவது பிரின்ட் போட்டுத்தான் தேடுவேன். சீனியர் அதைப் பார்த்துவிட்டு "இன்னும் பிரின்ட்தானா? டீபக்கர் பழகும்மா" என்கிறார். திறந்தால் ஏழெட்டுக் கட்டம் தெரிகிறது, எதை அழுத்தினால் எங்கே போகும் என்று பிடிபடவில்லை. எனக்குத்தான் இந்த வேலை வராதோ?
– வாசகி, திருமங்கலம்

கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அப்படி நினைக்காதீர்கள். இருபது வருஷமாக இதே மதுரையில் உட்கார்ந்து இந்த வேலை பார்க்கிறேன், என்னோடு வேலை பார்த்தவர்களில் கெட்டிக்காரர்கள் என்று நான் மதிக்கிற பலர் இன்றைக்கும் முதலில் பிரின்ட்தான் போடுகிறார்கள். அது சோம்பேறித்தனம் கிடையாது. பிரின்ட்டுக்கு எதையும் பழக வேண்டியதில்லை, எந்த மொழியிலும் இருக்கிறது, நடந்ததெல்லாம் வரிசையாகத் திரையில் நிற்கிறது, மேலே போய்ப் பார்க்கலாம் கீழே வந்து பார்க்கலாம். டீபக்கரில் ஒரு நேரத்தில் ஒரு கணம்தான் தெரியும், எஃப்10ஐ ஒரு தடவை கூடுதலாக அழுத்திவிட்டால் பார்க்க வேண்டிய இடம் தாண்டிப் போய்விடும், மறுபடி முதலிலிருந்து வர வேண்டும்.

அந்த எஃப்10ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். புரோகிராம் எழுதப் பயன்படும் விஎஸ் கோடில் எஃப்10 என்றால் அடுத்த வரிக்குப் போ. ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவில் அதே வேலைக்கு எஃப்8. அந்தப் பழக்கத்தில் குரோமில் எஃப்8ஐ அழுத்தினால் நிறுத்தி வைத்திருந்த புரோகிராம் மொத்தமும் ஓடிப்போய்விடும், ஏனென்றால் அங்கே எஃப்8க்கு அர்த்தம் "விட்டுவிடு, ஓடட்டும்". காலேஜில் டர்போ சி நீலத் திரையில் படித்தவர்களுக்கு எஃப்7, எஃப்8 விரலிலேயே இருக்கும், அவர்களுக்கு ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ பழகிய வீடு மாதிரி. மற்றவர்களுக்கு ஒவ்வொரு வீட்டிலும் சுவிட்ச் வேறு இடத்தில். போதாக்குறைக்கு இப்போதைய லேப்டாப்கள் பலவற்றில் எஃப்என் பட்டனையும் சேர்த்துப் பிடிக்காவிட்டால் சத்தம் கூடும், வெளிச்சம் குறையும், புரோகிராம் மட்டும் நகராது. இதையெல்லாம் புரியவில்லை என்று நீங்கள் உங்கள் மூளையைக் குறை சொல்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஆனால் பட்டன் குழப்பம் இரண்டு வாரத்தில் பழகிப்போகும். அதைவிட ஆழமான ஒரு சங்கடம் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கிணற்றில் குடம் விழுந்தால் பாதாளக் கரண்டி போட்டுத் துழாவுவார்கள், பார்த்திருப்பீர்கள், அல்லது அம்மா சொல்லக் கேட்டிருப்பீர்கள். கரண்டி நல்ல கரண்டிதான். ஆனால் எந்தக் கிணற்றில் விழுந்தது என்று தெரிந்தால்தான் அதை இறக்க முடியும். டீபக்கரும் அப்படித்தான். திறந்தவுடன் அது நம்மிடம் கேட்கிற கேள்வி, "எந்த வரியில் நிறுத்தட்டும்?" அந்த வரி தெரிந்திருந்தால் பாதி வேலை முடிந்ததே! நம் மனதில் இருக்கிற கேள்வி வேறு: "இந்தத் தொகை ஏன் சைபர் ஆச்சு?", "இந்தப் பட்டன் ஏன் வேலை செய்யவில்லை?" நம் கேள்விக்கும் கருவியின் கேள்விக்கும் நடுவில் இருக்கிற தூரத்தை நாமே ஊகத்தால் நடந்து கடக்க வேண்டியிருக்கிறது. அனுபவம் உள்ளவர் சீக்கிரம் நடக்கிறார், அதைப் பார்த்து நாம் அவருக்கு டீபக்கர் தெரியும் என்கிறோம். அவருக்குத் தெரிந்தது உங்கள் கம்பெனியின் கோடு, அதாவது அங்கே எழுதி வைத்திருக்கிற புரோகிராம்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடைக்கு பில் போடும் சாஃப்ட்வேர் செய்து கொடுத்திருந்தேன், பிரவுசரில் ஓடுவது. இரண்டு வாரம் கழித்துக் கடைக்காரர் போன் செய்தார். "தாயி, நேத்துக் கணக்குல இன்னைக்குப் பூவும் சேர்ந்து நிக்குது, என்னன்னு பாருங்க." மல்லிகை விலை முகூர்த்த நாளுக்கு ஒன்று, மறுநாளுக்கு ஒன்று. ஒரு நாள் கணக்கு இன்னொரு நாளில் போய் உட்கார்ந்தால் பூ போட்ட விவசாயிக்குப் பட்டுவாடாவே தப்பாகிவிடும். நான் சிம்மக்கல்லில் காலை பத்து மணிக்கு உட்கார்ந்து ஐம்பது பில் போட்டுப் பார்க்கிறேன், எல்லாம் சரி. மறுநாளும் சரி. மூன்றாம் நாள் விடியற்காலை நாலு மணிக்கு லேப்டாப்போடு கடைக்கே போய், பூக்கூடைகளுக்கு நடுவில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, தேதியை எழுதும் வரியில் பிரேக்பாயிண்ட், அதாவது இங்கே நில் என்ற குறி, வைத்தேன். நின்றது. தேதியை வைத்திருக்கும் வேரியபிள் மேல் மவுஸை வைத்தேன். 12ஆம் தேதி செவ்வாய்க்கிழமை, 4 மணி 10 நிமிடம், சரியாகக் காட்டியது. அப்படியென்றால் தப்பு இங்கே இல்லை என்று முடிவு செய்து வேறு ஃபைலுக்குப் போய்விட்டேன். முக்கால் மணி நேரம் அங்கேயே தேடினேன்.

தப்பு அந்த வரியிலேயேதான் இருந்தது. தேதியை எழுத்தாக மாற்ற டுஐஎஸ்ஓஸ்ட்ரிங் என்ற ஃபங்ஷனைப் போட்டு முதல் பத்து எழுத்தை வெட்டியிருந்தேன். அது யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் எழுதித் தரும், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். விடியற்காலை 4.10 என்பது அங்கே முந்தின நாள் இரவு 10.40. ஆக நள்ளிரவிலிருந்து காலை ஐந்தரைக்குள் போடுகிற ஒவ்வொரு பில்லும் முந்தின நாள் கணக்கில் போய் விழுந்தது. பூ மார்க்கெட்டுக்கு அதுதான் உச்ச நேரம், எனக்கோ அது தூங்கும் நேரம். டீபக்கர் பொய் சொல்லவில்லை. வேரியபிளை நம்மூர் நேரத்தில் அழகாக மாற்றிக் காட்டியது, கோடு பயன்படுத்தியது இன்னொரு வடிவத்தை. இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டியிருந்தால் அந்த முக்கால் மணி நேரம் மிச்சம். எஃப்10ஐ இன்னொரு தரம் அழுத்தியிருந்தாலும் 11 என்று கண்ணில் பட்டிருக்கும். ஆனால் சரி என்று கண் முன்னால் காட்டிய பிறகு யாருக்கு அழுத்தத் தோன்றும்?

பிரின்ட்டையும் முழுசாக நம்பிவிடாதீர்கள், அப்புறம் நான் சொல்லவில்லை என்று ஆகிவிடும். குரோம் கன்சோலில் ஒரு ஆப்ஜெக்ட்டை பிரின்ட் செய்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து அதன் பக்கத்து முக்கோணத்தை விரித்தால், உள்ளே தெரிவது பிரின்ட் செய்த நேரத்து மதிப்பு இல்லை, விரித்த நேரத்து மதிப்பு. பக்கத்தில் குட்டியாக ஒரு ஐ குறி இருக்கும், அதன் மேல் மவுஸை வைத்தால்தான் இதைச் சொல்லும். இதில் ஏமாந்து நாள் கணக்கில் அலைந்தவர்களை எனக்குத் தெரியும். இவ்வளவு முக்கியமான எச்சரிக்கையை அவ்வளவு சின்னக் குறிக்குள் ஒளித்து வைத்தது சரியில்லை என்பதே என் எண்ணம்.

இதை யாருமே யோசிக்கவில்லையா என்றால், யோசித்தார்கள். 1997இலேயே எம்ஐடியைச் சேர்ந்த ஹென்றி லீபர்மேன், முப்பது வருஷத்துக்கு முன்பு எப்படித் தட்டுத்தடுமாறித் தேடினோமோ அப்படியேதான் இன்னும் தேடுகிறோம் என்று பகிரங்கமாகவே எழுதினார். 2004இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஆமி கோவும் பிராட் மயர்ஸும் வொய்லைன் என்று ஒரு கருவி செய்தார்கள். அதில் வரி எண்ணைக் கேட்க மாட்டார்கள். புரோகிராம் ஓடி முடிந்ததும் "இது ஏன் நடந்தது?", "இது ஏன் நடக்கவில்லை?" என்று மெனுவிலிருந்து கேள்வியையே தேர்ந்தெடுக்கலாம், எந்த வரி காரணம் என்று அது பின்னோக்கிப் போய்க் காட்டும். சின்ன அளவில் நடத்திய சோதனைதான், இருந்தாலும் தேடும் நேரம் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகக் குறைந்தது. அந்த யோசனை இன்னும் நாம் தினமும் திறக்கிற கருவிகளுக்குள் முழுசாக வந்து சேரவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே ஆதங்கம். பின்னோக்கிப் போகிற விஷயம் மட்டும் கொஞ்சம் வந்திருக்கிறது: மொசில்லாவில் உருவாகி 2014இல் வெளிவந்த ஆர்ஆர் என்ற கருவி, லினக்ஸில் ஒரு புரோகிராம் ஓடுவதை அப்படியே பதிவு செய்துகொண்டு முன்னும் பின்னும் நகர்த்திப் பார்க்க விடுகிறது. சி, சி++ எழுதுகிறவர்கள் கட்டாயம் பாருங்கள்.

சரி, நாளைக்கு ஆபீஸ் போய் என்ன செய்வது? எல்லாக் கட்டத்தையும் பழக வேண்டாம். உங்கள் கிணறு எது என்று தெரியாதபோது, வரியைக் கேட்காத வசதிகளிலிருந்து ஆரம்பியுங்கள். குரோமின் டெவலப்பர் கருவிகளில், சோர்சஸ் பகுதியில் எரர் வந்தால் தானே நிறுத்து என்று ஒரு டிக் இருக்கிறது, அதைப் போட்டுவிட்டால் வரி எண் தெரியாமலே தப்பு நடந்த இடத்தில் நிற்கும். திரையில் ஏதோ ஒரு கட்டம் தானாக நிறம் மாறுகிறது, யார் மாற்றுகிறார்கள் என்று தெரியவில்லையா, எலிமென்ட்ஸ் பகுதியில் அதை ரைட் கிளிக் செய்து 'பிரேக் ஆன்' கொடுத்தால் மாற்றுகிற கை கையும் களவுமாகப் பிடிபடும். நின்ற பிறகு முதலில் கால் ஸ்டாக்கைப் பாருங்கள், இந்த ஃபங்ஷனை யார் கூப்பிட்டார்கள், அவரை யார் கூப்பிட்டார்கள் என்று கீழே கீழே இறங்கும். பிரின்ட் தராத விஷயம் இதுதான், டீபக்கர் பழகுவதற்கு இது ஒன்றே போதுமான காரணம். அப்புறம், எண்ணூறு பில்லில் 412ஆம் பில் மட்டும் தப்பு என்றால் எண்ணூறு தடவை அழுத்திக்கொண்டிருக்க வேண்டாம், பிரேக்பாயிண்டை ரைட் கிளிக் செய்து நிபந்தனை கொடுக்கலாம். அதே இடத்தில் லாக்பாயிண்ட் என்று ஒன்று இருக்கும். அது உங்கள் பிரின்ட்டேதான், ஆனால் கோடைத் தொடாமல். முடிந்த பிறகு பிரின்ட் வரிகளை ஒவ்வொன்றாகத் தேடி அழிக்கிற வேலையும், ஒன்றை மறந்து கஸ்டமர் வரைக்கும் அனுப்பிவிடுகிற பயமும் இல்லை.

விஎஸ் கோடில் முதல் தடவை எஃப்5 அழுத்தினால் ஒரு செட்டிங் ஃபைல் எழுதச் சொல்லும், பலபேர் அங்கேயே மூடிவிடுகிறார்கள். பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோடு புரோகிராம் என்றால் அது தேவையில்லை, டெர்மினல் வகைகளில் ஜாவாஸ்கிரிப்ட் டீபக் டெர்மினல் என்பதைத் திறந்து வழக்கம்போல ஓட்டுங்கள், பிரேக்பாயிண்டில் நிற்கும்.

சீனியரிடம் ஒன்று கேளுங்கள்: "அண்ணே, அடுத்த தடவை நீங்க தேடும்போது பக்கத்துல உட்கார்ந்து பார்க்கட்டுமா?" பட்டன்களை விட, அவர் எதைச் சந்தேகப்பட்டு எதை விட்டுவிடுகிறார் என்பதைப் பார்த்தால்தான் உங்களுக்கு வழி பிடிபடும்.

பக் என்றால் உண்மையிலேயே பூச்சியா, சும்மா சொல்கிறார்களா?
– வாடிப்பட்டி வாசகர்

இரண்டும் உண்டு. 1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டு மார்க் 2 கணினியின் ரிலே ஒன்றில் ஒரு விட்டில் பூச்சி சிக்கியிருந்தது. அதை எடுத்து லாக் புத்தகத்தில் டேப் போட்டு ஒட்டி, உண்மையான பக் கண்டுபிடிக்கப்பட்ட முதல் சம்பவம் என்று எழுதி வைத்தார்கள். அந்தப் பக்கம் இன்றும் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் பூச்சியோடு இருக்கிறது. அந்தக் கணினியில் வேலை பார்த்த கிரேஸ் ஹாப்பர் இந்தக் கதையைப் பல மேடைகளில் சொல்லிப் பரப்பினார். ஆனால் இயந்திரக் கோளாறை பக் என்று சொல்லும் வழக்கம் அதற்கு முன்பே இருந்தது, 1878இல் எடிசன் எழுதிய கடிதத்திலேயே அந்தச் சொல் வருகிறது. அதனால்தான் அந்த லாக் புத்தக வரியில் ஒரு குறும்பு இருக்கிறது.

வணக்கம் மேடம். உசிலம்பட்டி பக்கம் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணினி அறிவியல் ஆசிரியை. பிளஸ் டூ பிள்ளைகள் பைத்தான் லேபில் சிவப்பு எழுத்தைப் பார்த்தவுடன் கையை எடுத்துவிட்டு "டீச்சர், வரல" என்று நின்றுவிடுகிறார்கள். பெரும்பாலும் தமிழ் மீடியம். எரரைப் படிக்கவே பயம். என்ன செய்யலாம்?
– ஆசிரியை, உசிலம்பட்டி

டீச்சர், உங்கள் கேள்வியை மூன்று முறை படித்தேன். பயம் ஆங்கிலத்தால் மட்டும் வருவதில்லை, ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவருக்கும் "இன்வேலிட் சின்டாக்ஸ்" என்ற இரண்டு சொல் எதையும் சொல்வதில்லை.

ஒரு சின்ன விஷயத்தை லேபில் பாருங்கள். மூன்றாவது வரியில் ஒரு அடைப்புக்குறியைத் திறந்துவிட்டு மூடாமல் விடுங்கள், நான்காவது வரி சுத்தமாகச் சரியாக இருக்கட்டும். பைத்தான் 3.8 என்றால் தப்பு நான்காவது வரியில் என்று காட்டும். பிள்ளை அந்த வரியை எழுத்து எழுத்தாகப் பார்க்கும், தப்பே இருக்காது, பிறகு தன் மேலேயே நம்பிக்கை போய்விடும். 2021இல் வந்த 3.10இலிருந்து இதைத் திருத்திவிட்டார்கள், மூன்றாவது வரியையே காட்டி, திறந்த அடைப்புக்குறி மூடப்படவே இல்லை என்று சொல்கிறது. அடுத்த ஆண்டு வந்த 3.11 இன்னும் ஒரு படி மேலே போய், ஒரு நீளமான கணக்கில் எந்தத் துண்டில் கோளாறு என்று அதன் கீழே கோடு போட்டே காட்டுகிறது. ஆக முதல் வேலை, லேபில் எந்தப் பதிப்பு இருக்கிறது என்று பாருங்கள்.

ஆனால் கம்ப்யூட்டர்கள் விண்டோஸ் 7இல் ஓடினால் இது நடக்காது, பைத்தான் 3.9இலிருந்து அதில் ஏறாது. அதற்காக மனம் தளர வேண்டாம். எஸ்தோனியா நாட்டின் தார்த்து பல்கலைக்கழகத்தில் ஆரம்பக்கட்ட மாணவர்களுக்காகவே செய்த தானி என்ற இலவச எடிட்டர் இருக்கிறது. பழைய கம்ப்யூட்டர்களுக்கென்று 3.8ஓடு ஒரு பதிப்பும் தருகிறார்கள். அதில் டீபக் கொடுத்து ஒவ்வொரு படியாக நகர்த்தினால் ஒரு கணக்கின் உள்ளே என்ன நடக்கிறது என்பது கண்ணில் தெரியும். கிலோ பெருக்கல் விலை கழித்தல் கமிஷன் என்று ஒரு வரி எழுதியிருந்தால், கிலோ இருந்த இடத்தில் 5 வந்து உட்காரும், விலை இருந்த இடத்தில் 600, அப்புறம் இரண்டும் சேர்ந்து 3000 ஆகும். நாம் கரும்பலகையில் கணக்கை வரி வரியாக அடித்து அடித்து எழுதுவோமே, அதே மாதிரி. எனக்குத் தெரிந்து ஒரு புதியவருக்கு ஏற்றபடி யோசித்துச் செய்த டீபக்கர் இதுபோல் குறைவு. இன்டர்நெட் இருந்தால் பைத்தான் ட்யூட்டர் என்ற தளமும் நல்லது, 2010இலிருந்து பிலிப் குவோ நடத்துகிறார். லிஸ்ட்டும் வேரியபிளும் எது எதைச் சுட்டுகிறது என்று அம்புக்குறி போட்டுக் காட்டும், முக்கியமாக முந்தைய படிக்குத் திரும்பிப் போகவும் ஒரு பட்டன் உண்டு. நான் மேலே திருமங்கலம் வாசகிக்கு ஆதங்கப்பட்டேனே, அந்தப் பின்னோக்கிப் போகிற வசதி பள்ளிப் பிள்ளைகளுக்குச் சுலபமாகக் கிடைக்கிறது.

பயத்துக்கு ஒரு வழக்கம் சொல்கிறேன், நான் பயிற்சி வகுப்புகளில் செய்வது. முதல் நாளே எல்லாரையும் வேண்டுமென்றே தப்பு செய்யச் சொல்வேன். கோலனை எடு, மேற்கோள் குறியை மூடாதே, எழுதாத வேரியபிளைக் கூப்பிடு, என்ன திட்டுகிறது என்று நோட்டில் எழுது, அதற்குப் பக்கத்தில் உன் வார்த்தையில் தமிழில் எழுது. "நேம் எரர் – இப்படி ஒரு ஆளையே எனக்குத் தெரியாது" என்று ஒரு பையன் எழுதினான், அதைவிடச் சரியாக எனக்கு விளக்கத் தெரியாது. வருஷம் முழுக்க அந்த நோட்டுதான் அவர்களுக்கு அகராதி. இன்னொன்று, சிவப்பு எழுத்தைக் கீழேயிருந்து மேலே படிக்கப் பழக்குங்கள். பைத்தானில் என்ன தப்பு என்பது கடைசி வரியில் இருக்கும். காலேஜ் போய் ஜாவா எடுத்தால் அங்கே அது முதல் வரியில் இருக்கும் என்பதையும் இப்போதே காதில் போட்டு வையுங்கள், இந்த ஒரு மாற்றத்தில் முதல் வருஷம் தடுமாறுகிற பிள்ளைகள் நிறைய.

எரரை அப்படியே காப்பி செய்து சாட்ஜிபிடியில் போட்டால் திருத்தித் தந்துவிடுகிறது. இனி டீபக்கரைப் பழகுவது வீண் வேலைதானே?
– விருதுநகர் வாசகர்

எரருக்கு அர்த்தம் கேட்பதற்கு நல்ல உதவி, அதுவும் தமிழிலேயே கேட்கலாம், தயங்காமல் பயன்படுத்துங்கள். ஆனால் மேலே நான் சொன்ன பூக்கடைக் கதையில் எரரே வரவில்லை, காப்பி செய்ய ஒன்றுமில்லை. நாலு மணிக்குப் போட்ட பில்தான் தப்பாகிறது என்ற தகவலை நான் கண்டுபிடித்துச் சொன்னால் அது ஒரு நொடியில் காரணம் சொல்லியிருக்கும். அந்தத் தகவலுக்குத்தான் ஸ்டூலில் போய் உட்கார வேண்டியிருந்தது.

2011இல் கிறிஸ் பார்னின், அலெஸ்ஸாண்ட்ரோ ஓர்சோ என்ற இருவர் ஜார்ஜியா டெக்கில் இதை வேறு விதமாகச் சோதித்தார்கள். அப்போது ஏஐ இந்த அளவில் இல்லை, தப்பு இருக்கக்கூடிய வரிகளைச் சந்தேக வரிசையில் பட்டியல் போட்டுத் தரும் கருவிகள் இருந்தன. புரோகிராமர்களிடம் அந்தப் பட்டியலைக் கொடுத்துப் பார்த்தால், தப்பான வரியே கண் முன் இருந்தும் அது ஏன் தப்பு என்று புரியாமல் பலர் கடந்து போனார்கள். வரியைக் காட்டுவது வேறு, புரிவது வேறு என்று அதைப் படித்தபோது எனக்கு உறைத்தது. ஏஐ திருத்தித் தந்த கோடுக்கும் இது பொருந்தும்: திருத்திய வரியில் ஒரு பிரேக்பாயிண்ட் வைத்து, பழைய தப்பு வந்த அதே பில்லை ஓட்டி, அது சொன்ன காரணம் நிஜமாகவே நடக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். இரண்டு நிமிட வேலை. அதோடு, லாக் ஃபைலை அப்படியே ஒட்டும்போது கஸ்டமர் பெயர், போன் நம்பர் எல்லாம் கூடவே போகும், முதலில் அதை அழித்துவிட்டு ஒட்டுங்கள்.

வணக்கம் அக்கா. எனக்குப் பார்வை இல்லை. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் என்விடிஏ ஸ்கிரீன் ரீடர் வைத்துக்கொண்டு பைத்தான் எழுதுகிறேன். கோடு எழுதுவதில் சிரமம் இல்லை, டீபக் செய்வதுதான் பெரிய பாடு. எல்லாரும் "மவுஸை மேலே வை, மதிப்பு தெரியும்", "சிவப்புப் புள்ளியைப் பார்" என்கிறார்கள். எனக்கு எது வழி?
– வாசகர், அனுப்பானடி

தம்பி, பதில் எழுதும் முன் ஒரு மாலை முழுக்க மவுஸை எடுத்து வைத்துவிட்டு, கண்ணைக் கட்டிக்கொண்டு, என்விடிஏவை ஓடவிட்டு விஎஸ் கோடில் ஒரு சின்ன புரோகிராமை டீபக் செய்து பார்த்தேன். முதல் அரை மணி நேரம் புரோகிராம் நின்றிருக்கிறதா ஓடிக்கொண்டிருக்கிறதா என்றே எனக்குத் தெரியவில்லை. பார்வை உள்ளவருக்கு ஒரு மஞ்சள் கோடு சொல்லிவிடுகிற விஷயம்.

கிடைத்த வழிகளைச் சொல்கிறேன். 2022இலிருந்து விஎஸ் கோடில் ஒலிக்குறிப்புகள் வந்திருக்கின்றன, ஸ்கிரீன் ரீடர் ஓடினால் தானாகவே இயங்கும். பிரேக்பாயிண்ட் உள்ள வரிக்குக் கர்சர் போனால் ஒரு சத்தம், புரோகிராம் பிரேக்பாயிண்டில் வந்து நின்றால் ஒரு சத்தம். கட்டளைகளைப் பெயர் அடித்துத் தேடும் கமாண்ட் பேலட்டைத் திறந்து 'சிக்னல் சவுண்ட்ஸ்' என்று அடித்தால் எல்லாச் சத்தமும் பட்டியலாக வரும், ஒவ்வொன்றாகக் கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள். மவுஸை மேலே வைப்பதற்குப் பதிலாக, வேரியபிள் மேல் கர்சரை வைத்துக் கன்ட்ரோல் கே, கன்ட்ரோல் ஐ. ஆனால் எனக்கு அதைவிட வசதியாக இருந்தது டீபக் கன்சோல்: நின்ற இடத்தில் வேரியபிள் பெயரை அடித்து என்டர் கொடுத்தால் மதிப்பு வெறும் எழுத்தாக வரும், என்விடிஏ அழகாக வாசிக்கும். மரம் மாதிரி விரிகிற வேரியபிள் கட்டத்துக்குள் அம்புக்குறியால் தட்டித் தட்டி இறங்கியதில் நான் நாலு முறை வழி தவறினேன், அங்கே நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். ஏதாவது பகுதி வாசிக்காமல் முரண்டு பிடித்தால் ஆல்ட் எஃப்2 அழுத்திப் பாருங்கள், அந்தப் பகுதி வெறும் எழுத்தாகத் திறக்கும்.

ஆனால் என் மனதுக்குச் சரியென்று படுகிற வழி இன்னும் பழையது. பைத்தானோடு கூடவே வருகிற பிடிபி என்ற டீபக்கர் முழுக்க டெர்மினலில் ஓடுவது. நிறுத்த வேண்டிய இடத்தில் breakpoint() என்று ஒரு வரி எழுதினால் போதும், 3.7 முதல் இந்த வசதி இருக்கிறது. நின்ற பிறகு ஒற்றை எழுத்துக் கட்டளைகள்: என் அடித்தால் அடுத்த வரி, எஸ் அடித்தால் ஃபங்ஷனுக்கு உள்ளே, பி அடித்துப் பெயர் கொடுத்தால் மதிப்பு, டபிள்யூ அடித்தால் யார் யாரைக் கூப்பிட்டார்கள் என்ற வரிசை. கேள்வியும் எழுத்து, பதிலும் எழுத்து, எந்தப் புள்ளியையும் தேட வேண்டாம். 1986இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் எழுதிய ஜிடிபி என்ற டீபக்கரும் இதே வகைதான், பின்னால் சி பக்கம் போனாலும் இந்தப் பழக்கம் உங்களோடு வரும். இத்தனை ஜன்னல்களைத் திறந்து வைத்த பிறகும், ஒரு டெர்மினலும் ஒரு எழுத்தும் கொடுத்த தெளிவு அன்று மாலை எனக்கு அவற்றில் கிடைக்கவில்லை.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு முடியவில்லை. டெர்மினலில் நீளமான டிக்‌ஷனரி ஒன்றை பி கொடுத்து வாங்கினால் மொத்தமும் ஒரே மூச்சில் வாசித்துத் தள்ளுகிறது. பிபி என்று இரண்டு எழுத்தாக அடித்தால் வரி வரியாக உடைத்துத் தரும், அப்போது கொஞ்சம் நிறுத்தி நிறுத்திக் கேட்கலாம். அதைவிட நல்ல வழி நீங்கள் கண்டுபிடித்திருந்தால் எழுதுங்கள், அடுத்த இதழில் உங்கள் வார்த்தையிலேயே போடுகிறேன்.